லிம்பெடீமா காலோடு தைப்பூசத்துக்கு நடக்கலாமா?

ஈசூன் அம்பிகா
15 ஜனவரி 2025, இரவு 10:12

வணக்கம். பொங்கல் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தேன். பிப்ரவரி 11 தைப்பூசம். 2019ல் எனக்குக் கருப்பைப் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. பிழைத்து எழுந்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று அன்றைக்கு வேண்டிக்கொண்டேன். அப்புறம் கொவிட் வந்தது, அது போவதற்குள் இந்தக் கால் வந்துவிட்டது. வேண்டுதல் அப்படியே நிற்கிறது.

அறுவை சிகிச்சையின்போது அடிவயிற்றில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்தார்கள். ஒன்றரை வருடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் சாயங்காலம் இடது காலில் மெட்டி இறுகியது. காலையில் எழுந்தால் சரியாக இருக்கும், சாயங்காலம் மறுபடி இறுகும். ஒரு கட்டத்தில் சோப்பு போட்டும் கழலவில்லை. நகைக்கடையில் உட்கார வைத்துச் சின்னக் கத்தரியால் வெட்டித்தான் எடுத்தார்கள். வெட்டிய வெள்ளியை ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள், இன்னும் அலமாரியில் இருக்கிறது.

முதலில் பார்த்த இடத்தில் வயது, எடை, நின்றுகொண்டே வேலை (பள்ளி உணவகத்தில் கடை வைத்திருக்கிறேன்) என்று சொல்லி நீர் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாவது இடத்தில் நரம்புச் சுருட்டலாக இருக்கலாம் என்று ஸ்கேன் எடுத்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. 14 மாதம் கழித்து ஒரு பிசியோதெரபிஸ்ட் என் இரண்டாவது கால்விரலின் மேல்தோலைக் கிள்ளிப் பார்த்தார். தோல் மடியவில்லை. அவ்வளவுதான் சோதனை. "இது லிம்பெடீமா, நிணநீர் தேங்கி வருகிற வீக்கம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. 14 மாதமாக நான் குண்டாக இருப்பதுதான் குற்றம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் இரண்டு முறை அந்தக் காலில் செல்லுலைட்டிஸ் (தோலுக்கடியில் கிருமித் தொற்று) வந்து மருத்துவமனையில் படுத்தேன். இப்போது என் கேள்வி இதுதான். சிங்கப்பூர் பெருமாள் கோயிலில் இருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை வெறுங்காலில் இந்தக் காலோடு நடக்கலாமா? நடந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


செங்காங் சிவா
15 ஜனவரி, இரவு 10:40

முருகன் பார்த்துக்கொள்வான் அக்கா, தைரியமாக எடுங்கள். என் மாமியார் முட்டி வலியோடு போன வருடம் நடந்தார், ஒன்றும் ஆகவில்லை.


ஓய்வுபெற்ற தாதி
16 ஜனவரி, காலை 6:55

அம்பிகா, கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தீர்களே, அதற்கே நன்றி. நான் 31 வருடம் தாதியாக இருந்தவள். வேண்டுதலைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, தோலைப் பற்றிச் சொல்கிறேன். சிவா தம்பி, முட்டி வலி வேறு, இது வேறு.

இரத்தக்குழாய்களில் இருந்து தினமும் சில லிட்டர் நீர் கசிந்து திசுக்களுக்குள் போகிறது. கூடவே கொஞ்சம் புரதமும் போகிறது. அதைத் திரட்டித் திரும்ப இரத்தத்தில் சேர்ப்பது நிணநீர்க் குழாய்களின் வேலை. இவற்றைத் தள்ளிவிட இதயம் மாதிரி ஒன்று தனியாகக் கிடையாது. குழாயே சுருங்கி விரிந்து தள்ளும், நாம் நடக்கும்போது கெண்டைக்கால் சதை அழுத்தித் தள்ளும். நடுவில் இருக்கிற கணுக்கள் கிருமிகளைப் பிடித்து அழிக்கும். உங்களுக்கு அந்தக் கணுக்களை எடுத்துவிட்டார்கள். அதனால் நீரும் தேங்குகிறது, காவலும் குறைந்துவிட்டது. ஒரு கண்ணாடிச் சில்லு, ஒரு கல் கீறல், விரலிடுக்கில் ஒரு சேற்றுப்புண், கிருமி உள்ளே போக இது போதும்.

செல்லுலைட்டிஸ் வந்தவர்களை இரவுப் பணியில் நிறையப் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் வரை நன்றாக இருந்திருப்பார்கள். ஒன்பது மணிக்குக் குளிர் எடுக்கும், பல் கிட்டும், மூன்று போர்வை போட்டாலும் நடுக்கம் நிற்காது. அதற்குப் பிறகுதான் கால் சிவந்து சூடாக இருப்பதைக் கவனிப்பார்கள். ஊரில் "நெறி கட்டிக் காய்ச்சல்" என்பார்களே, பல நேரம் அது இதுதான். ஒவ்வொரு முறை வந்து போகும்போதும் மிச்சம் இருக்கிற நிணநீர்க் குழாய்களிலும் கொஞ்சம் கெட்டுப்போகும், வீக்கம் ஒரு படி ஏறும், ஏறிய வீக்கம் அடுத்த காய்ச்சலைக் கூப்பிடும்.

அதனால் வெறுங்கால் வேண்டாம். நடப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. காலை இறுக்கிப் பிடிக்கிற கம்ப்ரஷன் காலுறை போட்டுக்கொண்டு நடப்பது உங்கள் காலுக்கு நல்லது.


உட்லண்ட்ஸ் ரவி
16 ஜனவரி, காலை 8:20

என் அம்மாவுக்கும் கால் வீக்கம், இரண்டு காலிலும். விரலால் அமுக்கினால் குழி விழுகிறது. இதுவும் லிம்பெடீமாதானா? நீர் மாத்திரை சாப்பிட்டால் அவருக்குக் குறைகிறது. அம்பிகா அக்காவுக்கு ஏன் குறையவில்லை?


ஓய்வுபெற்ற தாதி
16 ஜனவரி, காலை 9:05

ரவி, இரண்டு காலும் சேர்ந்து வீங்கினால் முதலில் பார்க்க வேண்டியது இதயம், சிறுநீரகம், கல்லீரல். இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் (அம்லோடிபின் மாதிரி) காலை வீங்க வைக்கும். அம்மாவின் மாத்திரைகளை எல்லாம் பையோடு பலதுறை மருந்தகத்துக்கு எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். இன்னொன்று, யாருக்காக இருந்தாலும், ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் காத்திருக்கக் கூடாது. உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

நீர் மாத்திரை விஷயம் அம்பிகாவுக்கு எளிதில் புரியும். கஞ்சியைச் சுண்ட வைத்தால் தண்ணீர் போகும், மாவு அப்படியே இருந்து கெட்டியாகும் இல்லையா? லிம்பெடீமாவில் தேங்குவது புரதம் கலந்த நீர். மாத்திரை தண்ணீரை மட்டும் இழுக்கும், புரதம் அங்கேயே தங்கும். நாள் போகப் போக அந்த இடத்தில் நாரும் கொழுப்பும் சேர்ந்து தோல் தடிக்கும். ஆரம்பத்தில் அமுக்கினால் குழி விழும், பிறகு அதுவும் விழாது. அம்பிகாவின் விரலைக் கிள்ளிப் பார்த்த சோதனைக்கு ஸ்டெம்மர் சோதனை என்று பெயர். தோல் மடியவில்லை என்றால் லிம்பெடீமாவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மடிந்தால் இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது.


கடலூர் தம்பி
16 ஜனவரி, இரவு 9:48

எல்லோருக்கும் வணக்கம். நான் துவாஸில் வேலை பார்க்கிறேன், விடுதியில் இருந்து எழுதுகிறேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் இந்த இழையைப் படித்தேன், அதற்கப்புறம் வேலையில் மனம் போகவில்லை. அக்கா சொன்ன குளிர் காய்ச்சலும் தாதியம்மா சொன்ன நெறியும் என் அப்பாவுக்கு வருடத்துக்கு நாலைந்து முறை வரும். அவருக்கு இருப்பது யானைக்கால்.

எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அவர் வலது கால் அப்படித்தான். கணுக்கால் எது, பாதம் எது என்று தெரியாது. மடிப்பு மடிப்பாக இருக்கும், மடிப்புக்குள் ஈரம் நிற்கும், ஒரு வாடை வரும். கல்யாண வீடுகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வேட்டியை இழுத்து மூடிக்கொள்வார். பந்தியில் உட்காரமாட்டார், எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு வீட்டுக்கு வந்து சாப்பிடுவார். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் "பெண்ணுக்கும் வருமா" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அது பரம்பரையாக வராது, கொசுவால் வருவது என்று அப்போது எங்களுக்கே தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

சின்ன வயதில் ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு மேல் சுகாதாரத் துறை ஆட்கள் வந்து தூங்கிக்கொண்டிருக்கும் எங்களை எழுப்பி விரலில் குத்தி இரத்தம் எடுப்பார்கள். ஏன் ராத்திரியில் வருகிறார்கள் என்று எரிச்சலாக இருக்கும். வருடத்துக்கு ஒரு முறை வீடு வீடாக மாத்திரையும் கொடுப்பார்கள். அப்பா ஒழுங்காக விழுங்கினார். கால் குறையவே இல்லை. அதனால் ஊரில் பலர் அந்த மாத்திரையை வாங்கிக் கூரையில் செருகி வைத்தார்கள்.

அக்காவுக்குப் புற்றுநோயால் வந்தது. அப்பாவுக்குக் கொசுவால் வந்தது. இரண்டும் ஒரே நோயா? இங்கே சொல்கிற வைத்தியம் அப்பாவுக்கும் பொருந்துமா?


புக்கிட் பாத்தோக் குமரன்
17 ஜனவரி, மதியம் 1:15

தம்பி, நான் தொடக்கக் கல்லூரியில் உயிரியல் சொல்லிக் கொடுக்கிறேன். ராத்திரியில் ஏன் வந்தார்கள் என்பதில் இருந்து ஆரம்பிக்கிறேன்.

அது ஃபைலேரியா என்ற நூல் மாதிரியான புழு. பெரிய புழுக்கள் நிணநீர்க் குழாய்களுக்குள் 6 முதல் 8 வருடம் வரை உயிரோடு இருந்து லட்சக்கணக்கில் குஞ்சுகளை விடும். நம் பக்கத்து வகையில் அந்தக் குஞ்சுகள் பகலில் நுரையீரல் போன்ற உள்ளிடங்களில் தங்கிவிட்டு, கொசு கடிக்கிற ராத்திரி நேரத்தில்தான் வெளி இரத்தத்துக்கு வரும். பகலில் குத்தினால் கிடைக்காது. கொசுவுக்கும் இந்தப் புழுவுக்கும் உள்ள தொடர்பை முதலில் கண்டவர் பேட்ரிக் மேன்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், 1877ல், சீனாவின் அமோய் துறைமுகத்தில். ஒரு நோய்ப் புழு கொசுவின் உடலில் வளர்கிறது என்று முதன்முதலாகத் தெரிந்தது அப்போதுதான். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள உறவு தெரிய வந்தது அதற்கு 20 வருடம் கழித்து.

மாத்திரை அந்தக் குஞ்சுகளைக் கொன்று, நோய் அடுத்தவருக்குப் போவதைத் தடுக்கும். ஏற்கெனவே கெட்டுப்போன குழாயைச் சரி செய்யாது. இதை யாராவது உங்கள் தெருவில் நின்று பொறுமையாகச் சொல்லியிருந்தால் மாத்திரை கூரைக்குப் போயிருக்காது. அப்பா விழுங்கிய மாத்திரையின் பலன் உங்கள் தலைமுறையின் காலில் இருக்கிறது.

இந்தியாவில் தேசிய ஃபைலேரியா திட்டம் 1955லேயே தொடங்கியது. உலக சுகாதார நிறுவனம் 2000ல் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது 12 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று இருந்தது. 2018 கணக்கில் அது 5 கோடியே 10 லட்சம். இலங்கை 2016ல் ஒழித்துவிட்டது, பங்களாதேஷ் 2023ல். ஆனாலும் 2023 கணக்கில் 39 நாடுகளில் 65 கோடிக்கு மேற்பட்டவர்கள் மாத்திரை தேவைப்படும் பகுதிகளில் வாழ்ந்தார்கள். தொற்று போன பிறகும் வீங்கிய காலும் விதைப்பை வீக்கமுமாக வாழ்கிறவர்கள் குறைந்தது 3 கோடியே 60 லட்சம் பேர். நோயை ஒழித்துவிட்டோம் என்று ஒரு நாடு சான்றிதழ் வாங்குகிற நாளிலும் இவர்கள் காலை எழுந்து அந்தக் காலைக் கழுவித்தான் ஆக வேண்டும். என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

எத்தியோப்பியாவில் கொசுவும் இல்லாமல், புழுவும் இல்லாமல் இதே மாதிரி கால் வீங்குகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். எரிமலைச் சிவப்புக் களிமண்ணில் வெறுங்காலோடு உழுகிற விவசாயிகள். மண்ணில் இருக்கும் நுண்ணிய கனிமத் துகள்கள் பாதத்தின் தோல் வழியாக உள்ளே போய் நிணநீர்க் குழாய்களை அடைத்துவிடுகின்றன. போடோகோனியோசிஸ் என்று பெயர். உலகம் முழுக்க 40 லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். சின்ன வயதில் இருந்தே செருப்பு போட்டால் அது வராது. ஒரு ஜோடி செருப்பு இல்லாததால் வருகிற நோய்.


உட்லண்ட்ஸ் ரவி
17 ஜனவரி, மாலை 6:30

தகவலுக்கு நன்றி சார். ஆனால் ஒன்று கேட்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அக்கா கேட்டது சிங்கப்பூரில் புற்றுநோய்க்குப் பிறகு வருகிற வீக்கம். யானைக்காலும் எத்தியோப்பியாவும் இங்கே எதற்கு? இரண்டையும் கலந்தால் அக்காவைப் பார்க்கிறவர்களும் "இது தொற்றுமா" என்று விலகிப் போவார்கள்.


ஈசூன் அம்பிகா
17 ஜனவரி, இரவு 9:02

ரவி தம்பி, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் எம்ஆர்டி ரயிலில் என் காலைப் பார்த்துவிட்டு ஒரு அம்மா பிள்ளையை இழுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டது இந்த இழை எழுதுவதற்கு முன்பே நடந்தது. கடலூர் அப்பா பந்தியில் உட்காராததும், நான் மூன்று வருடமாக எந்தக் கல்யாணத்துக்கும் போகாததும் ஒரே காரணத்தால்தான். வீக்கம் தொற்றாது, யானைக்கால்காரரைத் தொட்டாலும் தொற்றாது. அதைச் சொல்லிவிட்டு ஒன்றாகவே பேசுவோம். தம்பி, நீங்கள் எழுதுங்கள். உங்கள் அப்பாவின் கால் இந்த இழைக்கு வெளியே இல்லை.


ஓய்வுபெற்ற தாதி
17 ஜனவரி, இரவு 10:20

கடலூர் தம்பி கேட்டதற்குப் பதில்: காரணம் வேறு, வீங்கிய பிறகு பார்த்துக்கொள்கிற விதம் பெரும்பாலும் ஒன்றுதான். பிரேசிலில் ரெசிஃபே நகரத்தில் ஜெருசா டிரேயர் என்ற மருத்துவர் யானைக்கால் நோயாளிகளைப் பல வருடம் கவனித்து, சோப்பும் தண்ணீரும் போட்டுத் தினமும் கழுவினாலே காய்ச்சல் வருவது வெகுவாகக் குறைகிறது என்று காட்டினார். புழு ஆரம்பித்து வைக்கிறது, பிறகு காலைக் கெடுப்பது பெரும்பாலும் சாதாரணத் தோல் கிருமிகள்தான்.

அப்பாவுக்கு இப்படிச் சொல்லுங்கள். சாதாரண சோப்பு, சாதாரணத் தண்ணீர். வெந்நீர் வேண்டாம். ஒவ்வொரு மடிப்பையும் விரலால் விரித்து, தேய்க்காமல் கழுவ வேண்டும். கழுவுவதைவிடத் துடைப்பதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். விரலிடுக்கில் துண்டு நுழையாது, பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து மெல்லிய நாடாவாகச் செய்து இடுக்கில் விட்டு ஈரத்தை எடுக்கலாம். விரலிடுக்கு வெள்ளையாக ஊறிப் போயிருந்தால் பூஞ்சைக் களிம்பு வேண்டும். உட்காரும்போது காலைத் தொங்கப் போடக் கூடாது. குளிர் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆன்டிபயாட்டிக், "இரண்டு நாள் பார்ப்போம்" என்பது கூடாது. ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் யானைக்கால் நோயாளிகளுக்குத் தொட்டி, குவளை, சோப்பு, துண்டு எல்லாம் சேர்த்துக் கொடுக்கிற திட்டம் உண்டு.


பெயர் வேண்டாம்
18 ஜனவரி, அதிகாலை 1:33

இதற்காகவே ஒரு புதுக் கணக்கு திறந்தேன். எனக்கு வயது 44. ஊரில் ஓதம் என்பார்கள், விதைப்பை வீக்கம். 11 வருடம் யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட முதல் சில வருடம் மறைத்தேன். தளர்வான காற்சட்டை போட்டு வேலைக்குப் போவேன். பைக்கில் உட்கார முடியாது. கட்டுமானத் தளத்தில் ஏணி ஏறும்போது பயந்து பயந்து ஏறுவேன். போன வருடம் ஊருக்குப் போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன். இது படிக்கிற யாராவது மறைத்துக்கொண்டிருந்தால் போய்க் காட்டுங்கள்.


புக்கிட் பாத்தோக் குமரன்
18 ஜனவரி, காலை 7:10

எழுதியதற்கு மிக்க நன்றி. ஃபைலேரியாவால் உலகில் இந்த வீக்கம் வந்த ஆண்கள் 2 கோடியே 50 லட்சம் பேர், கால் வீக்கம் வந்தவர்கள் ஒன்றரைக் கோடி. வெளியே தெரியாததால்தான் யாரும் பேசுவதில்லை. நீங்கள் பேசிவிட்டீர்கள்.


பொங்கோல் அம்மா
18 ஜனவரி, காலை 10:45

என் மகளுக்கு 9 வயது. புற்றுநோயும் இல்லை, கொசுவும் இல்லை. பிறந்தபோதே இரண்டு பாதத்தின் மேற்புறமும் பன் மாதிரி உப்பியிருந்தது. "குழந்தைக் கொழுப்பு, போகப் போகச் சரியாகும்" என்றார்கள். சரியாகவில்லை. நிணநீர்க் குழாய்களே சரியாக உருவாகாமல் பிறப்பதும் உண்டு என்று மூன்று வயதில்தான் தெரிந்தது. மரபணுக் காரணம், மில்ராய் நோய் என்று எழுதிக் கொடுத்தார்கள். 1892ல் எழுதப்பட்ட நோய், 2018ல் என் பிள்ளைக்குக் குழந்தைக் கொழுப்பு!

பள்ளிக் காலணி வாங்குவதுதான் எங்களுக்குப் பெரிய வேலை. இடது பாதம் வலதைவிடப் பெரியது. வெவ்வேறு அளவில் இரண்டு ஜோடி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு காலணியை அலமாரியில் போடுகிறோம். தினமும் காலை 5:40க்கு எழுந்து காலுறை மாட்டிவிடுவேன். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, சுருக்கம் விழாமல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்ற வேண்டும். ஒரு சுருக்கம் இருந்தாலும் அந்த இடத்தில் கோடு விழுந்துவிடும். அவள் பாதித் தூக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு படுத்திருப்பாள். போன மாதம் ஒரு நாள் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "அம்மா, நான் பெரியவளானதும் இதை யார் மாட்டிவிடுவார்கள்?" மாட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்று சொன்னேன். இந்த விடுமுறையில் கற்றுக்கொண்டாள். வலது கால் இப்போது அவளே மாட்டுகிறாள்.


தெம்பனிஸ் ஜெயா
18 ஜனவரி, மதியம் 12:20

குட்டிக்கு என் முத்தம். எனக்கு வலது கை. மார்பகப் புற்றுநோய், அக்குளில் கணுக்களை முழுதாக எடுத்தார்கள். 2013ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கு லான்செட் ஆன்காலஜி இதழில் வந்தது. முழுதாக எடுத்தவர்களில் ஏறக்குறைய 20 விழுக்காட்டினருக்குக் கை வீங்குகிறது. நிணநீர் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு கணுக்களை மட்டும் எடுத்துச் சோதிக்கிற முறையில் அது 6 விழுக்காட்டுக்கும் கீழே. எல்லோருக்கும் அந்த முறை பொருந்தாது, எனக்குப் பொருந்தவில்லை. ஆனால் கேள்வியாவது கேட்டிருப்பேன். தலைமுடி கொட்டும், வாந்தி வரும் என்று சொன்னவர்கள் கை வீங்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

தேக்கா பக்கம் ஒருவர் எண்ணெய் போட்டு உருவிவிடுகிறார், வீக்கம் வடியும் என்று சொல்கிறார்கள். யாராவது போயிருக்கிறீர்களா?


ஓய்வுபெற்ற தாதி
18 ஜனவரி, மதியம் 2:00

ஜெயா, வேண்டாம். அழுத்தி உருவினால் ஏற்கெனவே திணறுகிற இடத்துக்கு இரத்தம் இன்னும் கூடுதலாக வரும், கசிவும் கூடும். நிணநீர் மசாஜ் என்று முறையாகச் செய்வது தோலை மட்டும் மெதுவாக நகர்த்துவது. 1930களில் டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் வகுத்தது. செய்யும்போது "இவ்வளவுதானா" என்று தோன்றும், அவ்வளவு மென்மையாக இருக்கும். அதுவும் தனியாகப் போதாது. பல அடுக்குக் கட்டு, உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு எல்லாம் சேர்ந்தால்தான் பலன். காய்ச்சல், சிவப்பு இருக்கும்போது மசாஜே கூடாது.

அறுவை சிகிச்சையும் உண்டு. ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லிய நிணநீர்க் குழாயை நுண்ணோக்கி வழியாகப் பார்த்துச் சிறு இரத்த நாளத்தோடு இணைப்பார்கள். ஜப்பானில் இசாவோ கோஷிமா இதில் முன்னோடி. சீக்கிரமாக வந்தால் பலன் கூடுதல். செய்த பிறகும் பலருக்குக் காலுறை தொடரும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை அழுத்தம்தான். ஆஸ்திரேலியாவின் கேன்பராவில் செய்த ஓர் ஆய்வு 2020ல் வெளியானது. நாள்பட்ட கால் வீக்கத்தோடு திரும்பத் திரும்பச் செல்லுலைட்டிஸ் வந்த 84 பேர். காலுறை, கட்டு என்று அழுத்தச் சிகிச்சை பெற்றவர்களில் 15 விழுக்காட்டினருக்கு மறுபடி வந்தது. பெறாதவர்களில் 40 விழுக்காடு. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தி, மற்றவர்களுக்கும் காலுறை கொடுத்தார்கள்.


ஈசூன் அம்பிகா
18 ஜனவரி, இரவு 11:15

இதைப் படித்ததும் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் காலுறை எனக்கு மருந்து. அதை யாரும் மருந்தாக எண்ணுவதில்லை. அளவெடுத்துத் தைப்பது சில நூறு சிங்கப்பூர் வெள்ளி. துவைத்து மாற்ற இரண்டு வேண்டும், ஆறு மாதத்தில் இழுவை போய்விடும். என் கடை வருமானத்தில் அது எனக்குக் கனம். போன வருடம் ஒன்றையே பதினோரு மாதம் போட்டேன். இரண்டு காய்ச்சலும் அந்த வருடத்தில்தான் வந்தன. மருத்துவமனையில் படுத்த செலவில் எத்தனை காலுறை வாங்கியிருக்கலாம்! அமெரிக்காவில் இதற்காகவே பல வருடம் போராடி 2022 டிசம்பரில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 2024 ஜனவரி முதல் அங்கே முதியோருக்கான அரசு காப்புறுதி காலுறைக்குப் பணம் கொடுக்கிறது. அந்த நாட்டிலேயே அதுவரை இல்லை என்றால், உலகத்தில் 25 கோடிப் பேர் வரை இருக்கலாம் என்கிறார்களே, அவர்களில் எத்தனை பேர் ஒரு நல்ல காலுறையை வாழ்க்கையில் பார்த்திருப்பார்கள்?

இந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு அடுப்பு முன்னால் நிற்பது சுலபம் இல்லை. மதியம் இரண்டு மணிக்குத் தோல் எரியும். போட்டுக்கொண்டுதான் நிற்கிறேன்.


தேக்கா தையல் கடை
19 ஜனவரி, காலை 11:30

அம்மா, அக்கா, எல்லோருக்கும். நான் மருத்துவம் தெரிந்தவள் இல்லை, துணி தெரிந்தவள். ஒரு கை பெரிதாகிவிட்டது என்று ரவிக்கையை எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வருகிறவர்கள் உண்டு. அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்தால் கை தாராளமாகப் போகும், வெளியே தெரியாது. சுடிதாருக்கு ஒரு கால் மட்டும் அகலம் வைக்கலாம். ஓரத்தில் தடித்த தையல் இருந்தால் காலுறைக்கு மேல் அழுத்திக் கோடு விழும், அதைத் தட்டையாக அடித்துத் தருகிறேன். கல்யாணத்துக்குப் போகாமல் இருக்காதீர்கள். கொண்டு வாருங்கள்.


செங்காங் சிவா
19 ஜனவரி, மதியம் 1:05

அம்பிகா அக்கா, நான் முதலில் யோசிக்காமல் எழுதிவிட்டேன். மன்னிக்க வேண்டும். நீங்கள் போவதாக இருந்தால் இரவு ஒரு மணி வாக்கில் கிளம்புங்கள், தார் சூடு இருக்காது. நானும் என் மனைவியும் கூட வருகிறோம்.


ஈசூன் அம்பிகா
12 பிப்ரவரி 2025, இரவு 8:40

போய் வந்தேன்.

முதல் வாரமே என் மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டேன். காலுறையும் மூடிய செருப்பும் போட்டால் நடக்கலாம், இடையில் உட்கார வேண்டும் என்றார்கள். அப்படியே செய்தேன். இரவு 1:20க்குக் கிளம்பினோம். சிவாவின் மனைவி ஒரு பையில் தண்ணீர், சோப்பு, துண்டு, களிம்பு எல்லாம் வைத்துக்கொண்டு கூடவே வந்தார். பாதி வழியில் ஒரு பாட்டி என் செருப்பைப் பார்த்து, "வேண்டுதலுக்குச் செருப்பா?" என்று கேட்டார். முன்பாக இருந்தால் தலை குனிந்திருப்பேன். நின்று புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினேன். "கணுவை எடுத்துவிட்டார்கள் பாட்டி, காயம் பட்டால் காய்ச்சல் வரும்" என்றேன். பாட்டி குனிந்து நன்றாகப் பார்த்தார். "போ தாயி, அவனுக்குத் தெரியும்" என்று என் தோளைத் தொட்டு அனுப்பினார்.

கோயில் வாசலில் செருப்பை மட்டும் கழற்றினேன். காலுறையோடு உள்ளே போய்ப் பாலைக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து கழுவி, துடைத்து, விரலிடுக்கெல்லாம் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். கணுக்கால் சுற்றளவு கிளம்பும்போது 28 சென்டிமீட்டர், வந்தபோது 28.5, இன்று காலை மறுபடி 28. காய்ச்சல் இல்லை.


கடலூர் தம்பி
12 பிப்ரவரி, இரவு 9:25

ரொம்பச் சந்தோஷம் அக்கா. அப்பா மூன்று வாரமாகத் தாதியம்மா சொன்ன மாதிரி கழுவுகிறார். வேட்டியைக் கிழித்த நாடா அம்மாவின் வேலை. வாடை போய்விட்டது என்று அம்மா சொன்னார். ஆனால் செருப்பு எதுவும் நுழையவில்லை, வெறுங்காலோடுதான் கொல்லைக்குப் போகிறார். இங்கே இருந்து வாங்கி அனுப்பலாமா?


தேக்கா தையல் கடை
12 பிப்ரவரி, இரவு 10:02

கடையில் வாங்குவது பொருந்தாது தம்பி. எனக்குத் தெரிந்த செருப்புத் தைப்பவர் ஒருவர் இருக்கிறார், பட்டையை அகலமாக வைத்துத் தருவார். அப்பாவை நிற்க வைத்து, செய்தித்தாளில் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும், இல்லாவிட்டால் அளவு தெரியாது. பாதத்தின் மேல் சுற்றளவும் வேண்டும்.


கடலூர் தம்பி
13 பிப்ரவரி, மாலை 7:50

அனுப்பியிருக்கிறேன் அம்மா. வீட்டில் ஸ்கேல் இல்லை, அக்கா பையனின் பள்ளிப் பையில் இருந்து எடுத்திருக்கிறார்கள். நீளம் 27, அகலம் 16. மேல் சுற்றளவை அம்மா நூல் வைத்து அளந்தார், 41 வருகிறது. கட்டைவிரல் பக்கம் பென்சில் கோடு இரண்டாக இருக்கும், வெளிக்கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை வரைந்தபோது அப்பா காலை இழுத்துக்கொண்டாராம்.


தேக்கா தையல் கடை
13 பிப்ரவரி, இரவு 8:15

கிடைத்தது தம்பி. நாளைக் காலையில் கொடுத்துவிடுகிறேன். உள்பக்கம் மெத்தென்று இருக்க என் கடைத் துணியே வைக்கிறேன். அப்பாவுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று கேட்டுச் சொல்லுங்கள்.